லாங் ரன்னுக்குப் பிறகு வைட்டமின் சி, ஈ மாத்திரை தேவையா?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெண், வயது 41, வேளச்சேரியில் வீடு, ஐடி வேலை. ஜனவரியில் சென்னையில் முதல் முழு மாரத்தான் ஓடப் போகிறீர்கள். ஞாயிறு விடியற்காலையில் திருவான்மியூரில் தொடங்கி ஈசிஆரில் ஓடும் தூரம் 22, 26, 28 கிலோமீட்டர் என்று ஏறிக்கொண்டிருக்கிறது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மாடிப்படி இறங்கினால் தொடையில் உயிர் போகிற வலி. குழுவில் ஒரு மூத்த ஓட்டக்காரர் சொன்னதால் தினமும் லிம்சி (500 மில்லிகிராம் வைட்டமின் சி) இரண்டு, எவியான் 400 (வைட்டமின் ஈ) ஒன்று போடுகிறீர்கள். ஃப்ரீ ராடிக்கல்தான் தசையை அரிக்கிறது, ஆன்டிஆக்ஸிடன்ட் போட்டு அதைக் கழுவ வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். வலி குறைந்த மாதிரி தெரியவில்லை, ஆனால் நிறுத்தினால் இன்னும் மோசமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் அப்பாவும் இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதற்கு அதே எவியானைப் போடுகிறார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் உடற்பயிற்சி உடலியல் படித்தவன். இந்த ஊர் ஓட்டக்காரர்களோடு பல வருடமாக வேலை செய்கிறேன். நேரடியாகவே சொல்கிறேன்: பயிற்சி நடக்கும் இந்த மாதங்களில் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதால் தசைக்குக் கெடுதல் எதுவும் வராது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏதாவது குறைபாட்டுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்த மூத்தவர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். அவர் சொன்ன காரணம் ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களே நம்பிய காரணம்தான். அதனால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஓடும்போது கால் தரையில் விழும் நேரத்தில் தொடையின் முன்பக்கத் தசை உங்கள் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் தசை அதே சமயம் நீட்டப்படும்போது அதன் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. 28 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு காலிலும் இது பத்தாயிரம் தடவைக்கு மேல் நடக்கிறது. படி இறங்குவதும் இதே வகை வேலை. அதனால்தான் ஏறும்போது பொறுத்துக்கொள்ள முடிகிற கால் இறங்கும்போது கத்துகிறது. சேதமான இடத்தைச் சுத்தம் செய்ய வெள்ளை அணுக்கள் வருகின்றன, வீக்கம் வருகிறது, நரம்பு முனைகள் கூர்மையாகிவிடுகின்றன. இதெல்லாம் நடக்க நேரம் பிடிப்பதால் வலி ஓடி முடித்த உடனே வராமல் 24 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று இன்னும் சிலர் சொல்வார்கள். லாக்டேட் ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, ஃப்ரீ ராடிக்கல் எங்கே வந்தது? எலக்ட்ரான் ஜோடி சேராமல், பக்கத்தில் இருப்பதோடு எளிதில் வினைபுரியும் மூலக்கூறுதான் ஃப்ரீ ராடிக்கல்; அதை அடக்கும் பொருள் ஆன்டிஆக்ஸிடன்ட். 1982-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கெல்வின் டேவிஸ், லெஸ்டர் பேக்கர் முதலானவர்கள் எலிகளைக் களைத்து விழும்வரை ஓடவிட்டு, அவற்றின் தசையையும் கல்லீரலையும் சோதித்தார்கள். ஃப்ரீ ராடிக்கல்களின் அளவு ஓடாத எலிகளில் இருந்ததைவிட இரண்டு, மூன்று மடங்கு இருந்தது. இந்த மூலக்கூறுகள் செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் சேதப்படுத்தக் கூடியவை என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கடும் உடற்பயிற்சி விஷத்தை உண்டாக்குகிறது, முறிமருந்து கொடுத்தால் தசை பிழைக்கும் என்ற முடிவுக்கு யாரும் வருவார்கள். அப்படித்தான் வந்தார்கள். இன்று வரை மாத்திரை அட்டையிலும் பவுடர் டப்பாவிலும் எழுதியிருப்பது அந்த முதல் கட்டப் புரிதல்தான்.

அடுத்த 20, 25 வருடங்களில் வேறொன்று தெரிய வந்தது. வேலை செய்யும் தசை இந்த மூலக்கூறுகளைத் தானே வேண்டுமென்று உண்டாக்குகிறது. அதற்கென்றே நொதிகள் இருக்கின்றன. அளவோடு இருக்கும்போது இவை செல்லுக்குள் செய்தி கொண்டு போகின்றன. 'இந்த வேலைக்கு இருக்கிற ஆள் போதாது' என்ற அந்தச் செய்தி கிடைத்ததும் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதம் விழித்துக்கொள்கிறது, செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா புதிதாக உருவாகிறது. மைட்டோகாண்ட்ரியா அதிகமானால் ஒரே வேகத்தில் அதிக தூரம் ஓடலாம், நாம் நீண்ட தூரம் ஓடிப் பழகுவதே அதற்காகத்தான். கூடவே உடலின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளும் பெருகுகின்றன: சூப்பர்ஆக்ஸைட் டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் குடும்பம். இவை எந்த மாத்திரையையும் விடப் பலமானவை. தசைக்குள்ளேயே இருந்து வேலை செய்பவை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஞாயிறு ஓட்டத்தில் உங்கள் தசை அழுகிறது. 1000 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுப்பது, பால் வருவதற்குள் அந்தப் பிள்ளையின் வாயைப் பொத்துவது மாதிரி ஆகிவிடக் கூடும்.

'கூடும்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008-ல் ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு ஆய்வு வந்தது. 14 ஆண்களுக்கு எட்டு வாரப் பயிற்சி, சிலருக்கு மட்டும் தினம் 1 கிராம் வைட்டமின் சி. உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, அதாவது ஓட்டக்காரர்கள் விஓ2 மேக்ஸ் என்று சொல்வது, மாத்திரை போடாதவர்களுக்கு 22 சதவீதமும் போட்டவர்களுக்குச் சுமார் 11 சதவீதமும் கூடியது. ஆட்கள் குறைவு என்பதால் இந்த வித்தியாசத்தை உறுதியானதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே ஆய்வில் எலிகளிடம் கிடைத்த விடை தெளிவாக இருந்தது. வைட்டமின் இல்லாமல் பயிற்சி பெற்ற எலிகள் களைக்காமல் ஓடும் திறன் கிட்டத்தட்ட 187 சதவீதம் கூடியது, வைட்டமின் கொடுத்தவற்றுக்கு 26 சதவீதம்தான். அவற்றின் தசையில் பிஜிசி-1 ஆல்ஃபாவும் குறைவாக இருந்தது. அடுத்த வருடம், 2009-ல், ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவின் குழு 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்தது. பாதிப் பேருக்கு தினம் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ. நீங்கள் போடும் அளவேதான் கிட்டத்தட்ட. உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் என்பது தெரிந்த பலன். மாத்திரை போடாதவர்களுக்கு அது கிடைத்தது. போட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில், ஓடுவதால் கிடைக்கும் மிகப் பெரிய நன்மைகளில் ஒன்று இது. எனக்கு இந்த ஆய்வு மற்றதைவிட முக்கியமாகப் படுகிறது.

2014-ல் நார்வேயில் பவுல்சன் குழுவினர் 54 ஆண் பெண்களை 11 வாரம் பயிற்சியில் வைத்துப் பார்த்தார்கள். வைட்டமின் சி 1000 மில்லிகிராம், ஈ 235 மில்லிகிராம். தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் வளர்ச்சியைக் காட்டும் ஒரு புரதம் போலி மாத்திரை போட்டவர்களுக்குத்தான் கூடியது. ஆனால் விஓ2 மேக்ஸும் ஓட்டச் சோதனை முடிவும் இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு முன்னேறின. டென்மார்க்கில் 2010-ல் வந்த ஒரு 12 வாரப் பயிற்சி ஆய்வில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆகவே இத்தனை நாள் போட்டதால் உங்கள் பயிற்சி வீணாகிவிட்டது என்று கவலைப்பட வேண்டாம். நீங்கள் 28 கிலோமீட்டர் வரை வந்திருக்கிறீர்கள், அது பொய்யில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: இந்த அளவு மாத்திரை பயிற்சியின் பலனைக் கூட்டுகிறது என்று காட்டும் நம்பகமான ஆய்வு கிடையாது, குறைக்கலாம் என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன.

வலிக்காவது உதவுமா என்பது உங்கள் உண்மையான கேள்வி. இதற்கு நல்ல பதில் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2017-ல் இந்த ஒரு கேள்விக்காகவே 50 ஆய்வுகளை, மொத்தம் 1,089 பேரை, சேர்த்துப் பார்த்தது. 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றில் வலியைக் குறிக்கச் சொல்லும்போது, 1.4 சென்டிமீட்டராவது இறங்கினால்தான் ஒருவருக்கு 'பரவாயில்லை, குறைந்திருக்கிறது' என்று தோன்றும். ஆன்டிஆக்ஸிடன்ட் போட்டவர்களுக்குக் கிடைத்த வித்தியாசம் எந்த நாளிலும் அந்த அளவை எட்டவில்லை. வலி குறைந்த மாதிரி தெரியவில்லை என்று நீங்கள் எழுதியது உங்கள் உடலின் கோளாறு இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். இந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களை வைத்து இந்தத் துறையில் இன்னும் போதிய வேலை நடக்கவில்லை, நடக்க வேண்டும்.

அதிக அளவு சில சமயம் எதிர்த் திசையிலும் போகிறது. ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். அதில் கலந்துகொண்டவர்களில் சிலர் இரண்டு மாதம் தினமும் 800 யூனிட் வைட்டமின் ஈ எடுத்திருந்தார்கள். டேவிட் நீமன் குழு 2004-ல் வெளியிட்ட முடிவின்படி, போட்டி முடிந்தபோது அவர்கள் ரத்தத்தில் ஃப்ரீ ராடிக்கல் சேதத்தின் அடையாளம் மற்றவர்களைவிட அதிகம், அழற்சியும் அதிகம். ஆன்டிஆக்ஸிடன்ட் மூலக்கூறு ஒன்று எலக்ட்ரானைக் கொடுத்த பிறகு தானே ராடிக்கலாக மாறுகிறது. அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர மற்ற கூட்டாளிகள் வேண்டும். ஒன்றை மட்டும் குவித்தால் அந்தச் சமநிலை கலைகிறது என்பது ஒரு விளக்கம்.

இந்த மாத்திரைகளுக்கு இடமே இல்லையா என்றால், இரண்டு இடம் இருக்கிறது. உடம்பில் வைட்டமின் சி உண்மையாகவே குறைவாக இருப்பவர்கள் முதல் இடம். கிரீஸ் நாட்டு ஆய்வாளர்கள் நூறு பேரைச் சோதித்து, ரத்தத்தில் வைட்டமின் சி மிகக் குறைவாக இருந்த 10 பேரையும் மிக அதிகமாக இருந்த 10 பேரையும் பிரித்தார்கள். குறைவாக இருந்தவர்களின் ஓட்டத் திறனும் குறைவு. ஒரு மாதம் வைட்டமின் சி கொடுத்ததும் அது கூடியது. பழமும் காய்கறியும் தட்டில் அபூர்வமாகவே எட்டிப் பார்க்கிற, இரவு டெலிவரி சாப்பாட்டிலேயே ஓடும் ஐடி வாழ்க்கை என்றால் இது உங்களுக்கும் பொருந்தலாம். ஆனால் அந்தக் குறையைத் தீர்க்க ஒரு கொய்யாப்பழம் போதும்.

இன்னொரு இடம் சளி. தென்னாப்பிரிக்காவில் சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானுக்கு முன் 21 நாள் தினம் 600 மில்லிகிராம் வைட்டமின் சி எடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 68 சதவீதம் பேருக்கும் போட்டிக்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் தொண்டை, சளித் தொந்தரவு வந்ததாக 1993-ல் ஒரு ஆய்வு வெளியானது. பிறகு கோக்ரேன் தொகுப்பும், மாரத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடும் குளிரில் பயிற்சி பெறும் ராணுவத்தினர் என 598 பேரைச் சேர்த்துப் பார்த்து, சளி பிடிக்கும் வாய்ப்பு பாதியானதாகச் சொன்னது. சாதாரண மக்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம், பயிற்சியைக் குறைத்து ஓய்வெடுக்கும் காலத்தில், தினம் ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போட விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். அப்போது புதிதாகத் தசை கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம் இல்லை, மார்கழிப் பனியில் சளி பிடித்தால்தான் நஷ்டம். வைட்டமின் ஈ அப்போதும் வேண்டாம்.

அளவைப் பற்றிக் கொஞ்சம். நம் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரைப்படி வைட்டமின் சி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம். நீங்கள் போட்டது அதில் 15 மடங்கு. 200 மில்லிகிராம் வரை குடல் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும். 1000-க்கு மேல் போனால் பாதிகூட உள்ளே போகாது, போனதிலும் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். அதில் ஒரு பகுதி, சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்ஸலேட்டாக மாறுகிறது. ஸ்வீடனில் ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்காக இருந்தது. சென்னை வெயிலில் ஓடி, வியர்த்து, சிறுநீர் கெட்டியாகப் போகும் ஒருவருக்கு இது தேவையில்லாத கூடுதல் ஆபத்து. வீட்டில் யாருக்காவது கல் வந்திருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. தெருவோர வண்டியில் மிளகாய்த்தூள் உப்பு போட்டு நறுக்கித் தரும் கொய்யா ஒன்றே உங்கள் இரண்டு நாள் தேவைக்குப் போதும். முருங்கைக்கீரையிலும் நிறைய உண்டு, சமைக்கும்போது ஒரு பகுதி போய்விடும். நல்லெண்ணெய், நிலக்கடலை, பாதாம் இவற்றில் வைட்டமின் ஈ வகைகள் இருக்கின்றன. உணவில் வருவது பல மணி நேரத்தில் சிறுகச் சிறுக வருகிறது, கூடவே வேறு நூறு பொருள்களும் வருகின்றன. பழம் காய்கறி நிறையச் சாப்பிட்டதால் பயிற்சியின் பலன் மங்கியது என்று யாரும் காட்டவில்லை. ஆகவே 'ஆன்டிஆக்ஸிடன்ட் கெட்டது' என்று நெல்லிக்காயையும் நிறுத்திவிடாதீர்கள்.

செர்ரி ஜூஸ் பற்றியும் குழுவில் பேச்சு வந்திருக்கும். லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரை வைத்து 2010-ல் வெளியான ஆய்வில், புளிப்புச் செர்ரிச் சாறு குடித்தவர்களுக்குத் தசையின் பலம் கொஞ்சம் சீக்கிரம் திரும்பியது. சிறிய ஆய்வு, ஆனால் அதற்குப் பிறகும் இதே திசையில் சில வந்திருக்கின்றன. இறக்குமதிச் சாறு இங்கே விலை அதிகம், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மாதுளை, நாவல்பழம் போன்ற நிறமுள்ள பழங்கள் கிடைக்கும் பருவத்தில் சாப்பிடுங்கள், போதும். பீட்ரூட்டின் பலன் வேறு வழியில் வருவது, அதிலுள்ள நைட்ரேட் ரத்தக் குழாயை விரிக்கிறது. மஞ்சளின் குர்குமின் வலியைச் சிறிது குறைப்பதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு. ரசத்தில் மிளகோடு சேர்ந்து வரும் மஞ்சள் நல்லதுதான், கேப்ஸ்யூலுக்கு ஓட வேண்டாம்.

இனி, செவ்வாய்க்கிழமை வலியை உண்மையாகக் குறைக்கும் விஷயங்களுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் மாத்திரைக்கு ஐந்து வரி, தூக்கத்துக்கு அரை வரி: "இரவு 11.30-க்குப் படுத்து 3.45-க்கு எழுந்து கிளம்புகிறேன்." எனக்கு உறுத்தியது அந்த அரை வரிதான். நாலேகால் மணி நேரம் தூங்கி 28 கிலோமீட்டர் ஓடி, திங்கள் காலை வேலைக்கு உட்காருகிற உடம்புக்கு எந்த மாத்திரையும் ஈடு செய்யாது. தசையைச் செப்பனிடும் வேலைக்குத் தூக்கம் மிக முக்கியம். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் படுங்கள். அது முடியாத வாரத்தில் ஞாயிறு மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்கள். வீட்டில் ஞாயிறு மதியச் சமையலும் உங்கள் தலையில்தான் என்றால் அதை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். மாரத்தான் பயிற்சி என்பது ஓடுகிற நேரம் மட்டும் இல்லை என்பதை வீட்டில் உள்ளவர்களும் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் தூரம். 22, 26, 28 என்று வாராவாரம் ஏற்றினால் தசைக்கு மூச்சுவிட இடமில்லை. மூன்று வாரம் ஏற்றி, நாலாவது வாரம் 18-க்கு இறங்குங்கள். ஒரே அளவு வேலையை இரண்டாம் முறை செய்யும்போது தசைக்குச் சேதம் வெகுவாகக் குறைகிறது. அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நீடிக்கும். வலியைக் குறைக்க மனித உடம்பிடம் இருக்கும் மிகச் சிறந்த வழி இதுதான், அதற்கு அவகாசம் கொடுங்கள். வாரம் இரண்டு முறை ஸ்குவாட், மெதுவாகப் படி இறங்கும் பயிற்சி செய்தால் தொடைக்கு அந்த நீளும் வேலை பழகிவிடும்.

தண்ணீரும் உப்பும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை உலராமல் வழிந்தே போகிறது, உடம்பு குளிர்வதில்லை. ஒருமுறை ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும், உப்போடு. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். ஓடும் முன்னைவிட ஓடிய பின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வியர்வையில் போகும் சோடியத்துக்கு அது ஈடாகாது. உப்புப் போட்ட மோர் நல்லது. நீண்ட ஓட்டத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம்.

ஓட்டம் முடிந்து குழுவாகப் போய்ச் சாப்பிடும் இட்லி, பொங்கல், வடையைக் குறை சொல்ல மாட்டேன். தசையில் தீர்ந்த கிளைகோஜனை, அதாவது சேமித்து வைத்த சர்க்கரையை, நிரப்ப மாவுச்சத்து வேண்டும், அது இதில் தாராளமாக இருக்கிறது. இல்லாதது புரதம். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம்தான். ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்தில் 20, 25 கிராம் புரதம் போக வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், சாம்பாரும் சுண்டலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அசைவம் சாப்பிடுபவர் என்றால் மதியம் மீன் இன்னும் எளிது. பெரிய விலைக்கு விற்கும் 'ரெக்கவரி' பவுடர்களில் இதற்கு மேல் எதுவும் இல்லை. போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படுபவர்களுக்கு, அட்டையில் எழுதாத பொருள் கலந்திருக்கும் அபாயமும் உண்டு.

மாத்திரைக்குச் செலவு செய்ய நினைத்த பணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: ஹீமோகுளோபின், உடலில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். 41 வயதில் மாதவிடாயும் தொடர்ந்து, வாரம் 50 கிலோமீட்டரும் ஓடும் பெண்ணுக்கு இரும்புச் சத்து குறைவது சர்வ சாதாரணம். சோர்வு, மூச்சு வாங்குவது, ஓட்டத்திலிருந்து மீளத் தாமதமாவது எல்லாவற்றுக்கும் அது காரணமாக இருக்கலாம். வைட்டமின் சி உங்களுக்கு நிஜமாகவே உதவும் இடம் இங்கேதான். கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்பை உடல் உறிஞ்ச அது வழி செய்கிறது. கீரையில் எலுமிச்சை பிழிந்தாலே போதும். சாப்பாட்டோடு காபி குடித்தால் அந்த உறிஞ்சுதல் குறைந்துவிடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

ஓடும் முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பல நாள் நடக்கும் அல்ட்ரா மாரத்தான்களில் (மாரத்தானைவிட நீண்ட ஓட்டங்களில்) செய்த ஒரு ஆய்வில், ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. நம் ஊர் வெயிலில் நீர் வற்றிய உடம்புக்கு அது இன்னும் கெடுதல். நீண்ட ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தசை வீங்கித் தொட முடியாமல் இருந்தாலோ, வலி ஐந்தாறு நாள் தாண்டியும் ஒரே இடத்தில் நின்றாலோ அதைச் சாதாரண வலி என்று விடாதீர்கள். முதல் இரண்டுக்கும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்றாவது எலும்பில் விரிசலாக இருக்கலாம், பரிசோதித்துவிட்டு ஓடுங்கள்.

உங்கள் அப்பா விஷயம். இரவுப் பிடிப்புக்கு வைட்டமின் ஈ உதவும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, ஆனாலும் பல வருடப் பழக்கமாக இங்கே போடப்படுகிறது. அவர் வயதில் எனக்கு இரண்டு கவலை. அமெரிக்காவில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த செலக்ட் ஆய்வில், தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் வந்ததாக 2011-ல் தெரிந்தது. இரண்டாவது, இதயத்துக்காக வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் வைட்டமின் ஈ ரத்தக் கசிவின் வாய்ப்பைக் கூட்டக் கூடும். அவர் போடும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அடுத்த முறைக்குக் காத்திராமல் இந்த வாரமே அவருடைய டாக்டரிடம் காட்டுங்கள். பிடிப்புக்குக் காரணம் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பா, கொலஸ்ட்ரால் மாத்திரையா, சிறுநீர் மாத்திரையா, காலில் ரத்த ஓட்டக் குறைவா என்று அவர் பார்க்கட்டும்.